கோடைக் கொடையும் குரலின் செலவும்

கோடை என்னுஞ் சொல் வெயிற் பருவத்தையும் மேல்காற்றையும் ஒருங்கே குறிப்பது. கீழ்காற்றைக் கொண்டலென்றும், தென்காற்றைத் தென்றலென்றும், வடகாற்றை வாடையென்றும் வழங்கிய நம் முன்னோர் மேற்றிசையினின்று வெதும்பி வருங் காற்றைக் கோடை யென்றனர். கொடை என்பது வேறு சொல். தென்பாண்டி நாட்டில் அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் ஆண்டிற் கொருகால் நிகழும் பெருவிழாவுக்கு அது பெயர். ஓரெழுத்தின் நெடிலும் குறிலுமே இவ்விரண்டனையும் வேறு பிரிக்கின்றன. தூத்துக்குடிக்கு வடபால், உப்பளங்களுக்கு அணித்தாயுள்ள மாப்பிள்ளையூரணியில் வாழ்வார்க்கோ இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவன. சித்திரை, வைகாசித் திங்கள்களிற் கொடைகள் நிகழும். அக்காலத்தே கிறிஸ்தவர் அசன விழாக்களும் நற்செய்திக் கூட்டங்களும் நடத்துவர். வெயில் தணியாத ஜூலை 26ஆம் நாள் தூத்துக்குடிப் பனிமய அன்னை பேராலயத்திற் கொடியேறி ஆகஸ்டு 5ஆம் நாள் பெருவிழா நிறைவுறும். இவற்றுட் பல வானமே கூரையாக நிகழ்வன. இவற்றுள் எதுவும் 'ரேடியோ செட்' இன்றி நடைபெறுவ தில்லை.

திறந்த வெளியிற் பாட்டும் உரையும் நன்கு கேட்குமாறு ஒலிபெருக்கிகளை அமைக்கும் முறையை இக்கட்டுரையிற் கூறப் புகுந்தோம். இஃது இயற்பியல் மாணவர்க் குரிய பொருளன்றோ, தமிழ் பயில்வார்க்கு இதனோடு என்ன தொடர்பு என நண்பர் சிலர் வினவினர். வில்லுப்பாட்டென்பது கதையைச் சொல்லாற் கூறுங் கலை. சொல் கேளாதாயின் அங்கே எஞ்சுவது மணியோசையும் குடவோசையுமே. ஆகலின் ஒலியமைப்புச் செவ்விதாகாத இடத்து முதலிற் கெடுவது தமிழே யாகும். இதுவே யாம் இப்பொருளை மேற்கொண்டதற்குக் காரணம்.

சென்ற கோடையில் எம்மூர்க் கணித்தாகிய ஒரு கொடைக்குச் சென்றிருந்தோம். எட்டுக் குழாய்கள் கட்டப்பட்டிருந்தன. நான்கு கோயின் முற்றத்தும் நான்கு தெரு முனைகளிலும். பாடியவர் முதிர்ந்த புலவர், கதையை நன்கறிந்தவர். மேடையினின்று பத்தடி தொலைவிற் றரையில் அமர்ந்தோர் அவர் வாயசைவைக் கண்டும் ஒருவாறு கேட்டும் பொருளுணர்ந்தனர். முப்பது மீட்டருக் கப்பால் நின்ற எமக்கோ ஒரு வரியைத் தொடரந்து மறுவரி, அதனைத் தொடர்ந்து முன்வரியின் எதிரொலி என ஒன்றன்மேலொன்றாகக் குழம்பியே வந்தது. அவ்விரவிலேயே தெருமுனைக் குழாய்க்கு நேரெதிர் வீட்டில் நோயுற்ற மூதாட்டி யொருவர் கிடந்தார். அவர் பேத்தி மறுநாட் காலை தேர்வெழுத வேண்டியவள். காதிற் பஞ்சை யடைத்துக் கொண்டு அவள் படித்துக் கொண்டிருந்தாள். விழாக் குழுவினர் தீயோரல்லர். செட்டுக்காரரும் தொழிலறியாதவ ரல்லர். ஓசை மிகுமாயிற் கேட்டல் நன்றாகும் என்னும் எண்ணமே அங்குப் பிழையாக நின்றது. அதனை ஆராய்வோம்.

அரங்கினை அளந்தமைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அளவு கோலாற் கூறப்பட்டுள்ளது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், குறட்டுயரம் 1 கோல், மேற்பலகைக்கும் அரங்கின் தளத்திற்கும் இடைவெளி 4 கோல். கோலாவது இருபத்துநான்கு விரலளவு. பெருவிரலின் அகலத்தை ஏறக்குறைய ஓரங்குலமெனக் கொள்ளின் அவ்வரங்கு 14 அடி அகலமும் 16 அடி நீளமும் 2 அடி உயரமும் உடையதாகும். இன்று கொடைக்கு இடும் மேடையும் இவ்வளவிற்றே என்பதை அளந்து பார்ப்பார் காண்பர். அக்காதையில் மற்றொரு நயமும் உண்டு. குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் நின்றொலித்தன என்று இசைக்கருவிகளின் முறைமை கூறப்படுகின்றது. மெல்லிய கருவி முன்னே செல்ல வல்லோசைக் கருவி அதற்கடங்கிப் பின்செல்லுதலே அம்முறை. இன்றைய மைக்செட்டிற் பொறிகளின் திருகுகளைத் திருப்புவார்க்கு இதனினுஞ் சிறந்த பாடம் வேறில்லை யென்பது எம் கருத்து.

பொறியில்லாத காலத்து மனிதக் குரல் எத்துணைத் தொலைவு சென்றது? பாளையங்கோட்டையிற் பிறந்து பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலட்சேபம் நிகழ்த்தியது வெறுங் குரலாலேயே. கடல்கடந்த நாட்டில் இதனை அளந்தறிந்த ஒருவரும் உளர். 1739ஆம் ஆண்டில் ஜார்ஜ் விட்பீல்டு என்னுங் குருவானவர் பிலடெல்பியா நகரில் நீதிமன்றத்தின் மேற்படியில் நின்று தெருவிற் கூடிய திரளுக்குப் பிரசங்கித்தார். கூட்டத்தின் ஓரத்தே நின்ற பெஞ்சமின் பிராங்கிளின் ஆற்றை நோக்கித் தெருவழியே பின்னோக்கி நடந்து, குரல் எவ்வளவு தொலைவு தெளிவாகக் கேட்கின்றதென்று பார்த்தார். ஓரிடத்தில் தெருவின் இரைச்சல் அக்குரலை மறைத்தது. அத்தொலைவை ஆரமாகக் கொண்டு அரைவட்டம் ஒன்றை மனத்தே வரைந்து, ஒருவர்க்கு இரண்டு சதுரஅடி வைத்துக் கணக்கிட்டு, முப்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் கேட்கலாமெனக் கண்டார். இதிற் கருதத்தக்கது அவ்வெண் அன்று. குரல் தேய்ந்து மடிந்ததனாற் கேளாமற் போகவில்லை. இரைச்சல் அதனினும் மேலெழுந்ததனாற் போயிற்று. கேட்டற்கு வேண்டுவது பேரோசை யன்று, இரைச்சலினும் ஓரளவு மிக்க ஓசை. ஏறக்குறைய 15 டெசிபல் மிகுந்திருப்பின் சொற்கள் தெளிவுறும் என்பர். அமர்ந்திருக்குங் கூட்டத்தின் சலசலப்பு 60 டெசிபலாயிற் குரல் 75 இருத்தல் போதும்.

1915ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பின் முன்னாளில் சான்பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்னும் இருவர் தாம் செய்த மின் ஒலிபெருக்கியைப் பெருங் கூட்டத்தின் முன் இயக்கிக் காட்டினர். 1919இல் வுட்ரோ வில்சன் சாண்டியாகோ நகரின் விளையாட்டரங்கில் அவர்தம் கருவி வழியே பேசினார். நம் நாட்டில் 1930களிற் காங்கிரசுப் பெருங் கூட்டங்களிற் 'சிக்காகோ ரேடியோ' என்னும் பெயர் பொறித்த ஒலிபெருக்கிகள் இடம்பெற்றன. 1940இல் டில்லியில் தொடங்கிய அகூஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிபயரும் குழாயும் காணாத கிராமம் இன்று தமிழ்நாட்டிற் காண்டல் அரிது. பழைய வால்வு ஆம்ப்ளிபயர்கள் தருங் மின்னாற்றல் சிறிது. ஒவ்வொரு வாட்டும் அக்காலத்து அருமையானது. கூம்பிய குழாயோ பெற்ற மின்னாற்றலைச் சிக்கனமாக ஓசையாக்க வல்லது. வெறுங் காகிதக் கூம்புடைய ஒலிபெருக்கி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கையே ஓசையாக்கும். ஆகவே குழாய் அன்று ஊரெங்கும் பரவியது இயல்பே. அக்காரணம் நீங்கிய பின்னரும் வழக்கம் நீங்கவில்லை.

இனிக் கணக்கிற்குச் செல்வோம். ஓசையின் அளவு டெசிபலாற் கூறப்படும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஓசை 6 டெசிபல் குறையும். மின்னாற்றல் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்காயின் 10 கூடும். இம்மூன்று விதிகளை நினைவிற் கொண்டார்க்கு ஏனைய யாவும் கூட்டல் கழித்தலே. மண்டபத்தினுட் சுவர்கள் ஓசையைத் திருப்பித் தந்து உதவும், சிலகால் கெடுக்கும். வெளியரங்கிற் சுவரில்லை. விட்ட ஓசை திரும்புவதில்லை. சென்று கொண்டே இருக்கும்.

நல்ல குழாயொன்று 1 வாட்டுப் பெற்று 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 110 டெசிபல் தரும். அதற்கு 30 வாட்டு ஊட்டினால் 15 கூடி 125 ஆகும். எட்டு மீட்டரில் அது 107. அங்கு நெடுநேரம் இருப்பார் செவிக்குக் கேடு. 64 மீட்டரில், ஆறுமுறை இரட்டித்தமையால் 36 கழிந்து 89. அது 75 ஆகுந் தொலைவோ ஏறக்குறைய 320 மீட்டர். அஃதாவது களத்தின் கடைசி வரிசைக்கு வேண்டியதை அவ்வொரு குழாய் கால் கிலோமீட்டருக் கப்பாலுள்ள வீட்டின் திண்ணையிற் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. இவ்வாறு எட்டுக் குழாய்கள்! குழாயின் குரலும் நிறைவுடைய தன்று. குடத்தின் ஆழ்ந்த ஒலியை அது விழுங்கிவிடும். நடுத்தரமான சுரங்களையே கூர்மையாக்கி எறியும். பழைய திரைப்பாடல் தொலைவினின்று கேட்கும்போது ஏதோ ஓரினிமை தோன்றுதல் உண்மையே. வைகறையில் மார்கழிப் பாட்டைக் குழாயிற் கேட்டு வளர்ந்தார்க்கு அவ்வினிமை எளிதில் மறக்கற்பால தன்று. ஆயினும் அஃது அறிந்த பாட்டினை நினைவூட்டும் இனிமையே யன்றிப் புதிய சொல்லைப் புலப்படுத்துந் திறனன்று.

இதற்கு மாறாவது, சிறிய ஒலிபெருக்கிகள் பலவற்றைக் கேட்பார்க்கு அருகே நிறுத்தும் முறை. இதற்கேற்றது தூண் வடிவுடையது. சிறு ஒலிபெருக்கிகள் நான்கோ ஆறோ ஒன்றன்மேலொன்றாக ஒரு நெடும்பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும். நிமிர்த்தி நிறுத்தின் ஓசை இருபாலும் அகன்றும் மேல்கீழாகக் குறுகியும் செல்லும். வானத்திற்கு ஓசை கொடுத்துப் பயனென்? மாந்தர் தலைகள் உள்ள உயரத்திற்கே அது செல்லும். சிலர் அறியாமையால் இதனைப் பக்கவாட்டிற் கிடத்திக் கட்டுவர். அப்போது குணமும் குற்றமும் இடம் மாறிவிடும்.

மாப்பிள்ளையூரணியிற் போன்றதொரு களத்தை எடுத்துக்கொள்வோம்: நீளம் 64 மீட்டர், அகலம் 30. மேடையின் இருபுறத்தும் ஒவ்வொரு தூண், பின் 16, 32, 48 மீட்டர் தொலைவுகளில் இவ்விரண்டு, ஆக எட்டு. யாவும் மேடைக்கு முதுகு காட்டிக் கூட்டத்தின் பின்புறத்தை நோக்கும். உயரம் 3 மீட்டர். ஒவ்வொன்றும் 1 மீட்டரில் 98 டெசிபல் தருமாறு திருகுக. அதன் எல்லையாகிய 16 மீட்டரில் 74 வரும். இணையும் முன்வரிசையும் சேர்ந்து 75க்கு மேற்படும். அண்மையிலிருப்பார்க்கும் 86 அளவே. முன்னிருப்பவர் செவி வருந்தாது. பின்னிருப்பவர் செவி ஏங்காது. கடைசித் தூணுக்கு 30 மீட்டர் அப்பாலுள்ள வேலியில் எட்டும் சேர்ந்து தருவது ஏறக்குறைய 74. எட்டுக் குழாய்களோடு ஒப்பின் இது மிகச் சிறிது.

ஆயினும் இதுவும் போதாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பொதுவிடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் ஓசை அப்பகுதிக்கு வகுத்த அளவினும் 10 டெசிபலுக்கு மேற்படலாகாது, அன்றேல் 75, இரண்டிற் குறைந்ததே அளவு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலளவு 55. ஆகவே வேலியில் 65 தான் இருக்கலாம். எஞ்சிய 9 டெசிபலை எங்ஙனம் குறைப்பது? தூண்களை நெருக்கிப் பத்து மீட்டருக் கொரு வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றன் ஓசையையும் தாழ்த்தலாம். கணக்கிட்டுப் பார்த்தோம், ஊதியம் இரண்டரை டெசிபலே, செலவோ ஒன்றரை மடங்கு. தூண்களைச் சற்றே முன்சாய்த்துக் கட்டினால் ஓசைக்கற்றை தலைகளின் மேல் வீழ்ந்து, தாண்டிச் செல்வது குறையும். இதற்குச் செலவில்லை, ஒரு மரத்துண்டு போதும். யாவற்றினும் சிறந்தது களத்தின் திசையை மாற்றுதல். தூணின் பின்புறத்தில் ஓசை முன்புறத்தினும் மிகக் குறைவு. வீடுகளுக்கு முதுகும் உப்பளத்திற்கு முகமுமாக மேடை யிடப்படின் வேண்டிய குறைவு பெரும்பாலும் கிட்டும். கோயிலை நோக்கியே மேடை அமையவேண்டும் என்னும் வழக்கு இதற்குத் தடையாகலாம். ஆண்டவன் முன் பாடுவதென்பது பழைய நெறி. அதனை யாம் குறைகூறோம். அத்தகைய இடங்களில் தூண்களையேனும் திருப்பிக் கொள்ளலாம்.

இனிக் காலத்தைப் பற்றிய செய்தி. காற்றின் வெப்பம் 30 பாகையாயின் ஓசை ஒரு விநாடியில் ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். (கடலினுள் அதன் விரைவு 1500 மீட்டரளவு, முத்துக்குளித்தோர் அடியிற் கேட்ட ஓசைகள் நாம் கேட்பவற்றினும் நான்கு மடங்கு விரைந்து வந்தவை.) மின்னோ கம்பியில் ஒரு நொடியும் தாழ்ப்பதில்லை. ஆகவே நான்காம் வரிசைத் தூண் பேசி 137 மில்லிவிநாடி கழிந்த பின்னரே மேடைத்தூணின் ஓசை அங்கு வந்து சேரும். சொல்லோசை இரண்டிற்கும் இடைவெளி ஏறக்குறைய 50 மில்லிவிநாடிக்கு மேற்படின் செவி அவற்றை இருவேறு ஓசையாகக் கொள்ளும். அது 17 மீட்டர்த் தொலைவிற் காகும் காலம். சென்ற கோடையில் யாங் கேட்ட குழப்பத்திற்குக் காரணம் இதுவே. தெருமுனைக் குழாய்க்கும் முற்றத்துக் குழாய்க்கும் நூறு மீட்டர் இருப்பின் இடைவெளி 280 மில்லிவிநாடிக்கு மேலாம். 'அம்மா' என்னுஞ் சொல்லின் ஈற்றெழுத்து முடியுமுன் அதன் முதலெழுத்து மீண்டும் வந்து விழும்.

இதற்குத் தீர்வு பின்வரிசைத் தூண்களின் ஓசையைத் தாழ்த்தி அனுப்புதல். இன்று எண்முறைக் கருவிகள் இதனைச் செய்கின்றன. இரண்டாம் வரிசைக்கு 46, மூன்றாவதற்கு 92, நான்காவதற்கு 137 மில்லிவிநாடி என்று அமைத்தல் வேண்டும். இவற்றோடு இன்னும் ஒரு பத்தோ பதினைந்தோ கூட்டி வைத்தல் நலம். அதன் பயனை 1949இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் எல்முட் ஆசு என்பார் ஆராய்ந்து காட்டினார். ஓரோசை இருவழியாக வரின் முன்வந்த திசையினின்றே அது பிறந்ததாகச் செவி கொள்ளும், பின்வந்தது சற்று வலிதாயினும். ஆகவே அருகிலுள்ள தூண் பேசுகின்ற தென்னும் உணர்ச்சியே தோன்றாது. மேடையிலிருக்கும் புலவரே தம்முன் பாடுவதாகக் கேட்பார் கருதுவர். இப்பொறியில்லாத செட்டுக்காரர் என் செய்வது? வரிசைகளைக் குறைத்து, 17 மீட்டருக்கு மேற்பட்ட இரு தூண்கள் ஒருவர் செவியில் ஒத்த வலிமையோடு விழாதவாறு கட்டுவாராக. தெருமுனைக் குழாய்களை அறவே அவிழ்த்துவிடின் பாதிக் குழப்பம் தீரும்.

காற்றும் வெப்பமும் ஓசையின் வழியை வளைக்கும். 1857இல் ஸ்டோக்ஸ் என்பார் காற்றின் செயலையும், 1874இல் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் வெப்பத்தின் செயலையும் விளக்கினர். நிலத்தை அடுத்த காற்று மெதுவாகவும் மேலுள்ளது விரைவாகவும் வீசும். எனவே காற்று செல்லும் திசையிற் போகும் ஓசை தரையை நோக்கி வளையும். எதிர்த்துச் செல்வது வானை நோக்கி எழும்பிவிடும். ஆடியில் மேல்காற்றுக் கடுமையாக வீசும் எம்மூரில் மேடையை மேற்கே அமைத்துக் கிழக்கு நோக்கச் செய்தல் கேட்பார்க்கு நன்று. சித்திரையில் மாலைக் கடற்காற்று வீசுங்கால் அதன் மறுதலை. ஐம்பது அறுபது மீட்டருள் இவ்வேறுபாடு பெரிதன்று, அயலூரார்க்கே பெரிது. வெப்பத்தின் செயல் இன்னும் வியப்பானது. நண்பகலில் உப்பளத்தின் தரை காய்ந்து அதன்மேற் காற்றுச் சுடுதலால் ஓசை மேல்நோக்கி வளைந்து மறையும். இரவிலோ தரை குளிர்ந்து மேற்காற்று வெப்பமுற் றிருத்தலால் ஓசை மீண்டும் நிலத்திற்கே வளைந்து வரும். ஆகலின் பிற்பகலில் இரண்டு தெருவிற்குக் கேளாத அதே திருகளவு நள்ளிரவில் இரண்டு ஊருக்குக் கேட்கும். பகலிற் சோதித்து வைத்த அளவை இரவிற் குறைக்கவேண்டும் என்பதைச் செட்டுக்காரர் பலர் கைப்பழக்கத்தால் அறிவர், குழுவினர்தாம் அறிவதில்லை.

மேடைக்கு வருவோம். வில்லின் நீளம் பத்தடி யளவு. அதில் மணிகள் தொங்கும். அதன் நடுவே குடத்தின் கழுத்தோடு பிணைப்புண்டிருக்கும். புலவர் வீசுகோலால் நாணை அடிப்பார். பக்கத்தே உடுக்கை, தாளம், கட்டை. தலைமைப் புலவர் பாட, மறுபுறத்தார் ஆமெனத் தொடுத்துப் பாடுவர். சுப்பு ஆறுமுகம் (1928–2022) இக்கலையைச் சென்னை வானொலிக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டுசென்று 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். இக்கலைக்கு மைக்கு வைப்பார் பலர் கருவிக் கொன்றாக ஆறேழு வைப்பர். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்குந்தோறும் ஊளைக்கு முன் கிடைக்கும் ஓசை 3 டெசிபல் குறையும் என்பதை நினைக. ஊளையாவது தூணின் ஓசை மைக்கினுட் புகுந்து மீண்டும் தூணுக்கே சென்று வளர்தல். எம் கருத்தில் மூன்று மைக்கு போதும்: தலைமைப் புலவர்க்கு ஒன்று, தொடுப்பார் இருவர்க்கு நடுவே ஒன்று, குடத்தின் வாய்க்கு ஒருசாண் விலகி ஒன்று. மணிக்கும் தாளத்திற்கும் வேண்டா. அவை அழையாமலே வரும். புலவர் வாய்க்கும் மைக்கிற்கும் இடைவெளியைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கிடைக்கும். இது செலவில்லாத ஆம்ப்ளிபயர். ஒரு மைக்கிற்கும் மறு மைக்கிற்கும் உள்ள தொலைவு, மைக்கிற்கும் வாய்க்கும் உள்ளதன் மும்மடங்குக்குக் குறையலாகாது. முன்புறம் மட்டும் கேட்கும் இதயவடிவ மைக்கின் முதுகு மேடைத்தூணை நோக்கவேண்டும். கடற்காற்றுப் புகுந்து 'புசுபுசு' வென இரையாதவாறு பஞ்சுறை யிடுக. புலவரின் மைக்கில் 100 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை வெட்டிவிடுக. மனிதக் குரலுக்கு அவற்றால் நட்டமில்லை, குடத்தின் உறுமல் மட்டும் அகலும். நையாண்டி மேளத்திற்கு மைக்கு வைப்பாரும் உளர். நாகசுரமும் தவிலும் வெளியரங்கிற் கென்றே பிறந்த கருவிகள். அவற்றிற்கு மைக்கு வைத்தல் நண்பகலில் தீவட்டி பிடித்தலை ஒக்கும்.

கம்பிகளைப் பற்றிச் சிறிது. எட்டுத் தூணும் 20 வாட்டு வீதம் 160 வாட்டு ஆகும். ஆம்ப்ளிபயர் 250 வாட்டு இருத்தல் நன்று. நெடுந்தொலைவிற்கு 100 வோல்ட்டு முறையிற் கம்பி இழுத்து, தூணுட் சிறு டிரான்ஸ்பார்மர் வழியே இறக்குவர். 160 வாட்டை அம்முறையில் அனுப்ப 1.6 ஆம்பியர் போதும்; 8 ஓம் முறையிலாயின் 4.5 வேண்டும்; கம்பியில் வீணாவது அதனால் எட்டு மடங்காகும். அனல்மின் நிலையத்தினின்று உயரழுத்தத்தில் மின்சாரம் செல்வதும் இக்காரணம் பற்றியே. எல்லாத் தூண்களும் பக்க இணைப்பாக, கூட்டற் குறியும் கழித்தற் குறியும் மாறாமற் பூட்டப்படல் வேண்டும். ஒன்று மாறின் இரண்டிற்கும் நடுவே நிற்பார்க்கு ஆழ்ந்த ஒலிகள் அழிந்து போகும்.

உப்புக் காற்று எம்மூரின் தனிப்பகை. ஒரு கோடையில் மைக்கின் முள்முனைகள் பச்சை பூக்கும். குழாயின் யூனிட்டிற் சுருள் துருவேறிக் கரகரக்கும். பலமுறை ஒட்டுப்போட்ட கம்பியின் ஒட்டுக்களில் ஈரம் ஏறும். ஈரமும் உப்பும் சேர்ந்த மணலில் வெறுங்காலோடு நிற்பவர் மைக்கின் இரும்புத் தண்டைப் பற்றுங்கால், தரைக்கம்பி சரியில்லாவிடின் நேர்வது சொல்லத்தக்க தன்று. ஆகவே 30 மில்லிஆம்பியரில் அறுத்துவிடும் காப்புப் பொறியை முதலிற் பூட்டிப் பின்னரே மற்றவற்றைத் தொடுக. தரைக்கம்பிக்கு ஒரு குடம் நீர் ஊற்றுதல் சித்திரை வெயிலில் மறக்கலாகாது. மின்வாரியக் கம்பத்தில் எதனையும் கட்டற்க. சப்பரம் வரும் வழியைக் குறுக்கிடுங் கம்பியின் உயரத்தைச் சப்பரத்தின் உச்சியோடு அளந்து கட்டுக, கண்ணளவு போதாது. ஜெனரேட்டரைக் காற்றுச் செல்லுந் திசையில், மேடைக்குப் பின் தொலைவிலே வைக்க. அதன் உறுமல் 5 டெசிபல் குறையின் நாமும் 5 குறைத்துக் கொள்ளலாம்.

மேற்கூறிய 2000ஆம் ஆண்டு விதிகள் எழுத்துவழி உரிமம் பெறாது ஒலிபெருக்கி வைக்கலாகா தென்கின்றன. இரவு 10 மணி முதற் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலித்தலைத் தடுக்கின்றன. பண்பாட்டுச் சமய விழாக்களுக்கு ஆண்டிற் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை அரசு இசைவு தரலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சூழ நூறு மீட்டர் அமைதி வட்டமாக்கப் படலாம். இவ்விதிகளைக் கூறுங்கால் கொடை நடத்துவாரை மட்டுஞ் சுட்டுவது நேர்மையன்று. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உச்சநீதி மன்றம் தீர்த்த பெயர்பெற்ற வழக்கு சென்னையிலிருந்த ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கியையும் மேளத்தையும் பற்றியதே. பிறர் அமைதியைக் குலைத்து வேண்டுதல் செய்க என்று எச்சமயமும் விதிக்கவில்லை யென அங்குத் தீர்ப்பாயிற்று. எம் சபைகளின் நற்செய்திக் கூட்டங்களிலும் குழாய்கள் இன்னும் வீடுகளை நோக்கிக் கட்டப்படுகின்றன. வராதவர்க்கும் செய்தி எட்டவேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். குழாய்வழி எட்டுவது செய்தியா, இரைச்சலா என்பதைக் கால் கிலோமீட்டர் நடந்துசென்று நின்று கேட்பின் அறியலாம்.

விழாத் தொடங்குமுன் செய்யவேண்டியது அந்நடையே. பிராங்கிளின் செய்தது போல ஒருவர் மேடையினின்று பின்னோக்கி நடப்பாராக. புலவரின் மாணவர் ஒருவர் பாட்டன்று, வசனமாகவே ஏதேனும் ஒன்றை அடங்கிய குரலிற் படிப்பாராக. நடப்பவர் தாம் முன்னர்ப் படித்தறியாத பகுதியாக அஃதிருத்தல் வேண்டும். அறிந்ததாயின் செவி இட்டு நிரப்பிக் கொள்ளும். ஒவ்வொரு வரிசையிலும் நின்று கேட்ட சொற்களைக் குறித்து வருக. பின் வேலியளவும் சென்று, அங்கிருந்து அயல்வீட்டுத் திண்ணைவரை செல்க. கைப்பேசியில் ஓசையளக்கும் செயலிகள் இன்று உள. அவை மூன்று நான்கு டெசிபல் பிழைபடினும் ஒப்பிட்டுப் பார்த்தற்கு உதவும். திண்ணையிலிருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வருதல் நன்று. இந்நடையை மாலை ஆறு மணிக்கு ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு மறுமுறையும் செய்து, இரண்டாம் முறையின் திருகளவை ஆம்ப்ளிபயரின் முகத்திற் சுண்ணாம்பாற் கோடிட்டு வைக்க. உற்சாகமிக்க குழு உறுப்பினர் வந்து "இன்னுங் கொஞ்சம் கூட்டு" என்னும்போது செட்டுக்காரர் காட்டுதற்கு அக்கோடு இருக்கும்.

கொடை முடிந்த காலையில் தூண்களை இறக்கியவுடன் உலர்ந்த துணியாற் பனியைத் துடைத்து, வெயிலேறுமுன் நிழலிற் காயவிட்டு, மைக்குகளைத் தனித்தனியே உறையிலிட்டுப் பெட்டியில் வைத்து மூடுக. கம்பியைச் சுருட்டுங்கால் முழங்கையிற் சுற்றாமல் வளையம் வளையமாகச் சுருட்டின் உள்நரம்பு அறாது.